மிதிப்பது இங்கே, கிளட்ச் இருப்பது எங்கே?

கார் தொடர்பாக வந்த கேள்விகளில் இந்த முறை கிளட்ச் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாம் கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கேள்விகள். மழைநீர், கடற்கரை மணல் இரண்டும் அவற்றில் இருக்கின்றன.

ஓட்டுநர் பயிற்சிக்குப் போகிறேன். "கிளட்சை மிதிங்கம்மா" என்கிறார்கள், மிதிக்கிறேன். ஆனால் அந்தக் கிளட்ச் எங்கேதான் இருக்கிறது? பானெட்டைத் திறந்து பார்த்தும் கண்ணில் படவில்லை. மிதிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?
வாசகி, முதலியார்பேட்டை

பானெட்டைத் திறந்தாலும் தெரியாது, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாலும் தெரியாது. இடது காலில் மிதிப்பது வெறும் பெடல். கிளட்ச், என்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில், மணி போல விரிந்த ஓர் அலுமினிய உறைக்குள் இருக்கிறது. அந்த உறைக்கு பெல் ஹவுசிங் என்று பெயர்.

வெளியிலிருந்தே அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் எங்கே என்று பாருங்கள். அதன் பல், பிளைவீல் என்ற கனமான சக்கரத்தின் விளிம்பில் உள்ள பற்சக்கரத்தைத்தான் சுழற்றுகிறது. பிளைவீலை ஒட்டியே கிளட்ச் என்பதால், ஸ்டார்ட்டர் மோட்டார் நுழைகிற உறைதான் நீங்கள் தேடும் இடம். முன்சக்கரம் இழுக்கிற சிறிய கார்களில் என்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். அவற்றில் பெரும்பாலும் பாட்டரிக்குக் கீழே எட்டிப் பார்த்தால் கியர் பாக்ஸ் தெரியும். அதற்கும் என்ஜினுக்கும் நடுவில் கிளட்ச். பொலிரோ போல என்ஜின் நீளவாக்கில் நிற்கிற, பின்சக்கரம் இழுக்கிற வண்டிகளில் கிளட்ச் என்ஜினுக்குப் பின்னால், ஓட்டுநரின் கால் பக்கமாக வந்துவிடும்.

உள்ளே இருப்பதை வரிசையாகச் சொல்கிறோம். என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டின் முனையில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதுதான் பிளைவீல். அதன் முகத்தை ஒட்டி கிளட்ச் பிளேட். சிறிய கார்களில் 18 முதல் 20 சென்டிமீட்டர் விட்டம், சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சிறியது. இரண்டு பக்கமும் உராய்வுப் பட்டை ரிவெட் அடித்திருக்கும். பிளேட்டின் நடுத்துளையில் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல்லில் கியர் பாக்ஸிலிருந்து நீண்டு வரும் தண்டு நுழைந்து நிற்கும். ஆகவே பிளேட் சுற்றினால்தான் கியர் பாக்ஸ் சுற்றும். பிளேட்டுக்கு அந்தப் பக்கம் பிரஷர் பிளேட். அதற்குள் கிண்ணம் போல் வளைந்த டயாஃப்ரம் ஸ்பிரிங், சில நூறு கிலோ எடை வைத்தது போன்ற விசையோடு கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலில் சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு தட்டை இறுக்கிப் பிடித்திருப்பது போல.

இதில் கவனிக்க வேண்டியது, பெடலைத் தொடாதபோதுதான் கிளட்ச் பிடித்திருக்கிறது. நீங்கள் மிதிப்பது விடுவிக்க. பெடல் கேபிளை இழுக்கிறது, அல்லது ஆயிலைத் தள்ளுகிறது. அது ஃபோர்க் என்ற கவையை அசைக்கிறது. ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை முன்னால் தள்ளி, ஸ்பிரிங்கின் நடுவிரல்களை அழுத்துகிறது. நடுவில் அழுத்தினால் ஓரம் பின்வாங்கும். பிளேட்டின் இரு பக்கமும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு இடைவெளி விழும், அவ்வளவுதான். அதற்குள் என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்றால், நிற்கும் வண்டியின் சக்கரத்துக்கு வேகம் பூஜ்யம். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடும் என்ஜினோ நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று. இரண்டையும் சட்டென்று சேர்த்தால் என்ஜின் நின்றுபோகும். பெடலை மெல்ல விடும்போது பிளேட் ஒன்றிரண்டு நொடி வழுக்கி வழுக்கி, பிறகு பிடித்துக்கொள்கிறது. அந்த வழுக்கல் இல்லாமல் எந்த வண்டியும் கிளம்பாது. அது நீண்டால்தான் பிளேட் தேயும். பயிற்சியில் "அந்த இடத்துல நிறுத்திப் பிடிங்க" என்பார்களே, முன்பக்கம் லேசாக எழும்பி என்ஜின் சத்தம் தாழ்கிற இடம், அங்கேதான் பிளேட் பிளைவீலைத் தொடத் தொடங்குகிறது.

ஐந்து பேரோடு கேப்பர் மலை ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. ஒரு தீய்ந்த வாடை வேறு. "கியர் பாக்ஸை இறக்கணும் சார்" என்கிறார் மெக்கானிக். கேபிளை மட்டும் இறுக்கினால் போதாதா?
வாசகர், மஞ்சக்குப்பம்

இறுக்கவே இறுக்காதீர்கள். கேபிளை இறுக்கினால் இந்தக் கோளாறு கூடும்.

கிளட்ச் கெடுவது இரண்டே வகை: பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காதது, விட வேண்டிய நேரத்தில் விடாதது. உங்களுடையது முதல் வகை. மெக்கானிக்குகள் இதை "ஸ்லிப் ஆகுது" என்பார்கள். பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் பிளைவீல் பக்கம் நகரும். ஸ்பிரிங் விரல்கள் எதிர்ப்பக்கம் எழும்பி ரிலீஸ் பேரிங்கை நெருங்கும். கேபிள் வண்டியில் இதனால் பெடலின் தளர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். தளர்வே இல்லாமல் போனால், நீங்கள் மிதிக்காமலே பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும். அதாவது கிளட்ச் நாள் முழுக்கக் கால்வாசி மிதித்த நிலையில். நல்ல பிளேட்டாக இருந்தாலும் அப்போது வழுக்கும்.

அதனால் கியர் பாக்ஸைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைக் கையால் அழுத்துங்கள். கனமில்லாமல் போகிற தூரத்தை ஸ்கேலில் அளந்து பாருங்கள். கேபிள் கிளட்ச் வண்டிகளில் ஏறக்குறைய 10 முதல் 25 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. தளர்வு இல்லையென்றால், கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகும் வழுக்கினால் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

உறுதி செய்ய இன்னொரு வழி. சமதளத்தில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, பிரேக் பெடலிலும் காலை வைக்கத் தயாராக இருங்கள். மூன்றாம் கியர் போட்டு, என்ஜினை 1,500 சுற்றில் வைத்துக் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது. ஒருமுறை, இரண்டு மூன்று நொடி போதும். நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால், மிச்சமிருக்கும் பட்டையும் தீர்ந்துவிடும்.

பிளேட் தடிமனாக இருந்தும் வழுக்கினால் காரணம் எண்ணெய். கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீல் அல்லது கியர் பாக்ஸ் தண்டின் சீல் கசிந்து பட்டை நனைந்திருக்கும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அதே செலவு சீக்கிரம் திரும்ப வரும்.

சில்வர் பீச் பக்கம் மணலில் கார் புதைந்தது. கால் மணி நேரம் முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தோம். புகை வந்தது. இப்போது ஓடுகிறது, ஆனால் கிளம்பும்போது உதறுகிறது. பிளேட் மாற்ற வேண்டுமா?
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

உடனே வேண்டியதில்லை. அதிகச் சூட்டில் உராய்வுப் பட்டையில் உள்ள பசை இளகி மேலே வந்து, முகம் கண்ணாடி போல மினுங்கிப்போகும். பிளைவீலிலும் நீலத் திட்டுகள் விழும். உதறல் இந்த இரண்டாலும் வரும். சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் பட்டையின் மேல்முகம் தேய்ந்து சரியாவதும் உண்டு. குறையவில்லை, அல்லது வழுக்கலும் சேர்ந்துகொண்டது என்றால் மாற்றுங்கள். மாற்றும்போது பிளைவீல் முகத்தையும் லேத்தில் ஏற்றிச் சமப்படுத்தச் சொல்லுங்கள். என்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே உதறல் வரும். அதைப் பார்க்கக் கியர் பாக்ஸை இறக்க வேண்டாம், முதலில் அதைப் பாருங்கள்.

மணலில் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை ஏற்றி அரைக் கிளட்சில் உறுமுவதுதான் எல்லோரும் செய்வது. சக்கரம் இன்னும் ஆழம் போகும், கிளட்ச் கருகும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் தள்ளுங்கள். டயர் காற்றை 15–18 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். இரண்டாம் கியரில், குறைந்த சுற்றில், கிளட்சைச் சீக்கிரம் முழுதாக விட்டு எடுங்கள். தார்ச் சாலை வந்ததும் காற்றடிக்க மறக்காதீர்கள். வாடை வந்தால் நியூட்ரலில் என்ஜினை அணைத்து, பெடலைத் தொடாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். நம் கடற்கரை மணலில் ஆமைகள் முட்டையிடுகின்றன. சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவது அவற்றுக்கும் நல்லது, உங்கள் கிளட்சுக்கும் நல்லது.

மழைக்காலத்தில் மூன்று வாரம் வண்டியை எடுக்கவில்லை. வாசலில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. இப்போது கிளட்சை முழுதாக மிதித்தாலும் கியர் விழ மறுக்கிறது. கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால் கிளட்ச் மிதித்திருந்தும் வண்டி பாய்கிறது.
வாசகர், ரெயின்போ நகர்

பிளேட் பிளைவீலில் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கும் வரக்கூடிய கோளாறு இதுதான். பெல் ஹவுசிங் முழுதாக அடைத்த பெட்டி இல்லை. ஃபோர்க் நுழைகிற இடத்திலும் அடிப்பக்கத்திலும் தண்ணீர் புக வழி இருக்கிறது. பிளைவீலின் முகம் பெயின்ட் அடிக்காத வார்ப்பிரும்பு. நனைந்த பட்டை அதை அழுத்திக்கொண்டு மூன்று வாரம் நின்றால் ஒட்டாமல் என்ன செய்யும்?

முதலில் ஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையை முன்னால் தள்ளி, பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மரக்கட்டை கொடுத்து, கிளட்ச் முழுதாக மிதிபட்ட நிலையில் ஓர் இரவு விடுங்கள். பல நேரம் இதிலேயே விட்டுவிடும். விடாவிட்டால் என்ஜினை அணைத்தபடியே மூன்றாம் கியரில் போட்டு, ஒருவர் கிளட்சை மிதித்திருக்க, இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டித் தள்ளுங்கள். "டக்" என்று ஒரு சத்தத்தோடு பிரியும். அதற்கும் மசியாவிட்டால் கியர் பாக்ஸை இறக்குவதுதான். கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்து, ஓடும்போது பிரேக் அடித்துப் பிரிக்கும் முறையும் உண்டு. சந்து பொந்துக்குள் அதைச் செய்யக்கூடாது.

பிரிந்துவிட்டது என்பதோடு விடாதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் என்றால் கியர் பாக்ஸின் மூச்சுக் குழாய் வழியாகவும் நீர் போயிருக்கலாம். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் முழுதும் மாற்ற வேண்டும். சேறு புகுந்த ரிலீஸ் பேரிங் சில மாதத்தில் கத்த ஆரம்பிக்கும்.

காலையில் ரிவர்ஸ் போடும்போது மட்டும் "கர்ர்ர்" என்று அரைக்கிறது. மற்ற கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுகிறது.
வாசகி, லாஸ்பேட்டை

பல கார்களில் முன் கியர்களுக்கு, பற்கள் அரைக்காமல் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் உண்டு, ரிவர்ஸுக்குக் கிடையாது. கிளட்சை மிதித்த பிறகும் உள்ளே தண்டு சில நொடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மிதித்து, நான்கு ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அரைக்கவில்லை என்றால் கோளாறு எதுவும் இல்லை, அவசரம்தான். பொறுத்தும் அரைத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை: கேபிள் நீண்டிருக்கலாம், ஆயிலில் காற்று இருக்கலாம். மறக்காமல் கால்மிதி விரிப்பையும் பாருங்கள். இரண்டு விரிப்பு அடுக்கிப் போட்டு, பெடல் அடிவரை போகாமல் தடுத்துக்கொண்டிருக்கும்!

கிளட்ச் பெடல் மிதித்தால் திரும்பி மேலே வரவில்லை, காலால் தூக்க வேண்டியிருக்கிறது. ஆயில் கிளட்ச் வண்டி. நாமே ஏர் எடுக்கலாமா?
வாசகர், நெல்லிக்குப்பம்

எடுக்கலாம், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றலாம். இரண்டு பேர் வேண்டும். அதற்கு முன்னால் ஆயில் எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள். மூடிய குழாய்க்குள் காற்று தானாக வராது. பெடலுக்கு மேலே, உள்பக்கச் சுவரில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் கசிவது மாஸ்டர் சிலிண்டர், பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளும் உருளை. கியர் பாக்ஸ் பக்கம், ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அது. இரண்டும் காய்ந்திருந்து பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால், ஸ்லேவ் சிலிண்டர் உள்ளேயே, தண்டைச் சுற்றி அமைந்த வகை. அப்படியானால் கியர் பாக்ஸ் இறங்கியே ஆக வேண்டும்.

பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. கிளட்சுக்குப் போகும் குழாய் அதில் உயரமான இடத்தில் இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச்தான் போகும். டப்பாவை நிரப்பி நிரப்பி ஓட்டுகிறவர்கள், அடுத்து போகப்போவது பிரேக் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏர் எடுக்கும் முறை: டப்பாவை மேல் கோடு வரை நிரப்புங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள், டாட்-3 அல்லது டாட்-4. ஸ்லேவ் சிலிண்டரின் காற்றை வெளியேற்றும் சிறு திருகான பிளீட் நிப்பிளில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெல்ல மூன்று நான்கு முறை மிதித்து, கடைசி மிதியை அப்படியே பிடித்திருக்க வேண்டும். நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள். குமிழியோடு ஆயில் வரும். மூடுங்கள். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும், இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை செய்யுங்கள், இடையில் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வீண் செலவு இல்லை.

கிளட்ச் மிதித்தால் ஒரு சத்தம் வருகிறது. எந்த பேரிங் என்று எப்படித் தெரியும்?
வாசகர், பாகூர்

நியூட்ரலில் ஐடிலில் வைத்துக் கேளுங்கள். மிதித்தால் வந்து, விட்டால் போகிற சத்தம் ரிலீஸ் பேரிங். விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் போகிற சத்தம் கியர் பாக்ஸ் உள்தண்டின் பேரிங். பெடலை இறக்கி ஏற்றும்போது மட்டும் "கிறீச்" என்றால் ஃபோர்க்கோ பெடலோ காய்ந்திருக்கிறது.

எங்கள் கார் ஆட்டோமேட்டிக். இரண்டே பெடல். கிளட்ச் இல்லாத வண்டிக்குக் கிளட்ச் செலவு இல்லைதானே?
வாசகர், வில்லியனூர்

எந்த ஆட்டோமேட்டிக் என்பதைப் பொறுத்தது. 2014இல் மாருதி செலெரியோவில் வந்து பரவிய ஏ.எம்.டி. வகையில் இருப்பது சாதாரண கிளட்ச்தான், சாதாரண கியர் பாக்ஸ்தான். உங்கள் காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. ஆகவே தேய்மானமும் உண்டு, மாற்றும் செலவும் உண்டு. மேம்பாலச் சரிவில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்துவது, கையால் கியர் போடும் வண்டியில் அரைக் கிளட்சில் நிற்பதற்குச் சமம். பிரேக்கை மிதித்து நில்லுங்கள். டார்க் கன்வெர்ட்டர் வகையில் ஆயிலே சக்தியைக் கடத்துகிறது, அதில் இந்த மாதிரிக் கிளட்ச் பிளேட் மாற்றும் வேலை வராது. இரட்டைக் கிளட்ச் வகையில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. மெதுவாக ஊரும் நெரிசலில் அந்த வகையும் பாதிக்கப்படும்.

கிளட்ச் செட் மாற்றப் போகிறேன். மெக்கானிக்கிடம் எதையெல்லாம் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்?
வாசகர், பண்ருட்டி

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பேரிங்கில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. பின்னால் அது மட்டும் கத்தினாலும் கியர் பாக்ஸ் முழுதாக இறங்க வேண்டும். கழற்றிய பழைய பிளேட்டை வாங்கிப் பாருங்கள். பட்டைக்கும் ரிவெட் தலைக்கும் உள்ள ஆழம் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் ஆயுள் முடிந்தது. சில வண்டிகளுக்கு இந்த வரம்பு 0.5. ரிவெட் தேய்த்த வரி பிளைவீலில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது நான்கு இடத்தில் தவறு நடக்கும். பிளேட்டைத் திருப்பி மாட்டுவது ஒன்று. எந்தப் பக்கம் பிளைவீலுக்கு என்று பிளேட்டிலேயே எழுதியிருக்கும், மாறினால் கிளட்ச் விடாது, எல்லாம் மறுபடி இறங்கும். இரண்டாவது, பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தும் டம்மி ஷாஃப்ட் இல்லாமல் கண்மதிப்பில் மாட்டுவது. அப்போது கியர் பாக்ஸ் நுழையாது. போல்ட்டை இறுக்கி இழுத்து நுழைத்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். மூன்றாவது, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கினால் கவர் கோணும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்க வேண்டும். நான்காவது கிரீஸ். தண்டின் பல்லில் விரலால் தடவித் துடைத்த அளவு போதும். அதிகம் வைத்தால் சுழற்சியில் தெறித்துப் புதுப் பட்டையில் ஒட்டும். புதுப் பிரஷர் பிளேட் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி வரும் எண்ணெயையும் துடைக்காமல் மாட்டிவிடுவார்கள். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

டீசல் வண்டியாக இருந்து, என்ஜினை அணைக்கும்போது "கடகட" என்று ஒரு குலுக்கல் இருந்ததென்றால், இரட்டை அடுக்குப் பிளைவீலா என்று விசாரியுங்கள். அதையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தால் செலவு பல மடங்கு. முன்கூட்டியே விலை கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்டிய பின் பெடல் பஞ்சு போல லேசாகிவிடும். பழைய பிளேட் தேயத் தேய ஸ்பிரிங் விறைப்பு கூடியிருந்ததுதான் காரணம். பிடிக்கும் இடமும் கீழே இறங்கியிருக்கும். முதல் 500 கிலோமீட்டருக்கு முழுப் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள்.